உங்க இஷ்டப்படி ஒரு சுவர்

“என்ன கலர் சார்?” என்று பெயிண்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். காலை ஏழு மணியிலிருந்து கூடத்துச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நிற அட்டைப் புத்தகம், கையில் ஆறிப்போன காப்பி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அவர் தானாக முடிவு செய்த ஒரே விஷயம், செருப்பை வாசலில் எந்தப் பக்கம் விடுவது என்பது. அதுவும் மறுவாரமே மாற்றப்பட்டது. திரைச்சீலை, சோபா உறை, அவர் சட்டை, அவர் மீசையின் அகலம், எல்லாமே மனைவியின் இலாகா. வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்தபோதும் அறைகளுக்கெல்லாம் அவளே நிறம் சொன்னாள். கூடத்தில் மூன்று சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. அதன்பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது.

“இந்த ஒரு சுவர் உங்க இஷ்டம்” என்றாள், அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது. “எந்தக் கலர் வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆணியெல்லாம் புடுங்கிடுங்க. சனிக்கிழமை காலையில காஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.”

இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. இதில் கோட்டைவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் ஒரு கால்மிதியடிகூடத் தன் கைக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

புத்தகத்தின் நாலாவது பக்கத்திலேயே அவர் மனம் நின்றுவிட்டது. மயில்கழுத்து நிறம். பார்த்ததும் பிடித்தது. ஆனால் நாலு பேர் கையெழுத்துப் போடாமல் ஒரு கோப்பில்கூடத் தன் கையெழுத்தைப் போட்டுப் பழகாத மனிதர் அவர்.

“இதான்னு நினைக்கிறேன்” என்றார். “எதுக்கும் இன்னும் அஞ்சு கலர் சேர்த்து, சுவர்ல கலருக்கொரு கட்டமா அடிச்சு வைங்க. நாலு பேரைக் கேட்டுக்கலாம்.”

“பிடிச்சிருக்குன்னா அடிச்சிடலாமே சார்.”

“அப்படியெல்லாம் திடீர்னு முடிவெடுக்கக் கூடாதுங்க.”

ஆறு கட்டம் தயாரானது. பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார். வரிசை எண், நிறம், கருத்து, கையொப்பம் என்று அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். சிலிண்டர் போட வந்தவர் ரசீது என்று நினைத்து எல்லா வரியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கல்லூரியில் படிக்கும் மகள், “எல்லாமே கேவலம்” என்று எழுதித் தேதியும் போட்டாள்.

மாடியில் குடியிருந்த மச்சினன் மட்டும் ஒழுங்காகப் படித்துப் பார்த்தான்.

“மயில்கழுத்தா? வேண்டாம் மாமா. ரூம் சின்னதாத் தெரியும். செங்கல் சிவப்பு அடிங்க, கம்பீரமா இருக்கும்.”

“உங்க அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாளே?”

“அதான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாளே. அப்புறம் என்ன பயம்?”

புதன்கிழமை சுவர் முழுக்கச் சிவப்பானது. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா, இங்க யாரையாவது வெட்டினாங்களா?”

அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கும் அப்படியே தெரிந்தது. சோபாவில் உட்காரவே ஒரு மாதிரியாக இருந்தது.

வியாழக்கிழமை அதன்மேல் இளமஞ்சள் அடிக்கச் சொன்னார். முதலில் வெள்ளைப் பூச்சு ரெண்டு கை ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு கிளம்பி வரும் என்றார் பெயிண்டர். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்றார் இவர். மத்தியானத்துக்குள் சிவப்பு கிளம்பி வந்தது. சுவர் பல் ஈறு நிறத்தில் பளபளத்தது.

“வாயைத் திறந்து வெச்ச மாதிரி இருக்கு மாமா” என்றான் மச்சினன், சிவப்பைச் சிபாரிசு செய்ததே தானில்லை என்பதுபோல.

“பல்பை மாத்திப் பார்க்கலாமா?” என்றார் இவர் பெயிண்டரிடம்.

மாற்றிப் பார்த்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் ஈறு வீங்கியது. போதாக்குறைக்கு, நேற்றுவரை சுத்தமாக இருந்த மூன்று வெள்ளைச் சுவர்களும் அழுக்காகத் தெரிந்தன.

அப்போது பார்த்து மனைவி போன் செய்தாள்.

“வேலை எப்படிப் போகுது?”

“போகுது. கொஞ்சம் ரோஸ் கலந்தாப்புல வந்திருக்கு. உனக்குப் பரவாயில்லையா?”

“உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்ல. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

அவள் குரலில் இருந்த சாந்தம் அவரை நடுங்கவைத்தது. இத்தனை நம்பிக்கை வைத்திருக்கிறவளை ஏமாற்றுவதா?

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு இன்னும் ஒரு நாள் விடுப்புச் சொன்னார். ஒட்டிவைத்த தாளைக் கிழித்தார். மச்சினன் வந்து கதவைத் தட்டியபோது திறக்கவில்லை.

“மயில்கழுத்து” என்றார் பெயிண்டரிடம். “வெள்ளை ரெண்டு கை ஓட்டுங்க. அதுக்கு மேல இதை அடிங்க. யாரையும் கேக்க வேண்டாம்.”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “செவ்வாய்க்கிழமையே இதைத்தான் சார் சொன்னீங்க.”

“அன்னிக்குச் சொன்னது நான் இல்லைங்க. இன்னிக்குச் சொல்றேன் பாருங்க, இதுதான் நான்.”

அவரே ஏணியில் ஏறி மேல்விளிம்பைச் சின்ன பிரஷ்ஷால் இழுத்தார். மூலைகளைத் துணியால் ஒற்றி ஒற்றி நேராக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் வேலை முடிந்து கீழே இறங்கி நின்று பார்த்தபோது கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் மட்டுமே கையெழுத்துப் போட்ட ஒரு பொருள் அந்த வீட்டில் இருந்தது.

சனிக்கிழமை காலை மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை.

“நல்லா இருக்குங்க” என்றாள்.

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். நேர்த்தியா அடிச்சிருக்கீங்க.”

அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும், அலுவலகத்தில் போட்டோவைக் காட்டவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. தச்சர் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். பின்னால் வாசலில் ஒரு வண்டியிலிருந்து நெடுநெடுவென்று பலகைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தச்சர் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தார். தரையிலிருந்து கூரைவரை அளந்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மனைவியைப் பார்த்தார்.

“அளவெல்லாம் போன மாசம் நீங்க குடுத்தபடியே சரியா இருக்குங்கம்மா, ஆனா அலமாரி வந்துட்டா இந்தச் சுவர் ஒரு விரல்கடைகூட வெளிய தெரியாதே, பலகையில ஈரம் ஏறாம இருக்க ஏதாவது ஒரு பெயிண்டைத் தடவி வைங்கன்னு நான் சொன்னதுக்கா சார் இவ்வளவு மெனக்கெட்டிருக்காரு?”