வெல்டிங் சாமி தூங்கிய கதை

நோயாளியாக இருந்த வரைக்கும் சாமியாகவும், குணமான பிறகு பைத்தியமாகவும் மதிக்கப்பட்ட ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவனியாபுரத்து வெல்டிங் சாமிதான்.

எழுபதுகளின் கடைசி. ஒரு மத்தியானம் இரும்புக் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் காதில் அம்மன் பேசினாள். அதோடு பட்டறை வேலையை நிறுத்திவிட்டுக் குறி சொல்ல உட்கார்ந்துவிட்டார். "பொங்கலுக்கு உன் காளைய ஒருத்தனும் பிடிக்க முடியாது" என்று பால்காரர் ஒருவரிடம் சொன்னார். காளை வாடிவாசலை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டது. யாரும் பிடிக்கவில்லை என்பது உண்மைதானே? மறுநாளிலிருந்து பட்டறை வாசலில் செருப்பு விட இடமில்லை. தெருமுக்குப் பூக்கடைக்காரர் தம் கடையையே அங்கே மாற்றிக்கொண்டார். அம்புட்டு பக்தி.

சாமி சோறு தின்னவில்லை, விரதம் என்றோம். பத்து நாளாகத் தூங்கவில்லை, தவம் என்றோம். தனியே உட்கார்ந்து அழுதார், அருள் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. அவர் மனைவி பாண்டியம்மாளிடம் மட்டும் இல்லை.

"ஊருக்கெல்லாம் வாக்குச் சொல்ற ஆத்தா, இந்த மனுசன ஒரு வாய் திங்கச் சொல்ல மாட்டேங்குறாளே. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"அருள் வந்தவருக்கு மாத்திரையா? தெய்வக் குத்தமாயிரும் தாயி" என்று பதறினார் பூக்கடைக்காரர். கவலையெல்லாம் தெய்வத்தைப் பற்றித்தான். மாலை வியாபாரத்தைப் பற்றி இல்லை.

பாண்டியம்மாள் மசியவில்லை. சாமியின் ஒரு கையை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அதே தெருக்காரன் என்று நான் போனேன். மனநல டாக்டரைப் பார்த்ததுமே சாமி, "ஒனக்கு முதுகுவலி இருக்குன்னு ஆத்தா சொல்றா" என்றார்.

"நான் உக்காந்திருக்க லட்சணத்தப் பாத்தாலே தெரியுமே" என்றார் டாக்டர்.

பாண்டியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இது சாமியா, சீக்கா டாக்டரய்யா?"

"சாமி இருக்கா இல்லையான்னு பாக்க எங்கிட்ட கருவி இல்லம்மா. தூக்கம் இல்லைங்கிறது தெரியுது. மொதல்ல அவரு தூங்கட்டும்."

தூங்கினார். சில மாதங்களில் சோறு இறங்கியது, காதில் கேட்ட குரல் நின்றது, பட்டறையில் மறுபடி பொறி பறந்தது. தெருதான் அவரை மன்னிக்கவில்லை. அவர் வாக்கைக் கேட்டு மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தவர்களே, "பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிற ஆளு, பாத்துப் பழகு" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். பூக்கடை பழைய இடத்துக்கே போனது.

ஒருநாள் கேட்டேன்: "ஆத்தா பேசுறதில்லையேன்னு வருத்தமாண்ணே?"

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "இல்லாம இருக்குமா மாப்ள? மொதல்ல வீடே வெறிச்சோடிப் போன மாதிரி இருந்துச்சு. இப்ப கோயிலுக்குப் போயி நான் பேசுறேன், அவ கேட்டுக்கிட்டு இருக்கா. அப்பல்லாம் என்னைய எங்க பேச விட்டா?"

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க அவர் டவுன் பஸ் ஏறுவார். தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்த நாளில் எனக்கும் டவுனில் ஏதாவது வேலை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.