எதிர்க்கடை நுரை

எதிர்க்கடை வாசலில் பதினோராவது ஆளும் போய் வரிசையில் நின்றதும் டீக்கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வாயில் நுழையாத பேர், ஏறி உட்காரவே தெம்பு வேண்டிய உயர நாற்காலி, சுவரெல்லாம் எந்த ஊரிலோ பெய்கிற மழையின் படம். அந்த வெளிநாட்டு டீக்கடை திறந்த மூன்றே மாதத்தில் இவர் பெஞ்சில் மிஞ்சியவர்கள் முடிவெட்டுகிறவரும் தபால்காரரும்தான். இப்படியே போனால் கடைக்குப் பூட்டு போடவேண்டியதுதான்.

"அப்படி என்னத்தைத்தான் கலக்குறான்?"

"உங்க டீயை நீங்க என்னைக்காவது குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் மனைவி, இரண்டு பெரிய பிளாஸ்க்குகளை நிரப்பிக்கொண்டே. தினமும் காலையில் தையல் வகுப்புக்கு டீ எடுத்துப்போவது அவள் வழக்கம்.

"வயித்துப்புண்ணை வச்சுக்கிட்டு எங்க குடிக்கிறது?" இருபது வருஷமாக அவருக்கு வெந்நீர்தான்.

ஆனால் அன்று ஆவல் வயிற்றுப்புண்ணை ஜெயித்துவிட்டது. மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு எதிர்க்கடையில் ஒரு கோப்பை டீ வாங்கினார். நுரையைத் தாண்டி ஒரு வாய் உள்ளே போனதும் மனுஷன் சொக்கிப்போனார்.

"என்னமோ இருக்கு இதுல!"

மறுநாள் முட்டை அடிக்கிற கரண்டியால் பாலை அடித்து நுரை பொங்க டீ கொடுத்தார். முடிவெட்டுகிறவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஷேவிங் என் கடையிலயே பண்ணிக்கிறேன். எனக்கு டீ குடுங்க."

நுரை மட்டும் போதாது போலிருக்கிறது என்று பழைய தூளைக் கொட்டிவிட்டு, வெளிநாட்டுத் தேயிலையாக வாங்கிவந்தார்.

"ஐயையோ, தூளை மாத்தாதீங்க!" என்று மனைவி பதறினாள்.

"உனக்கென்ன தெரியும்?"

ஒரு வாய் குடித்த தபால்காரர் மீதியைச் செடிக்கு ஊற்றினார். முடிவெட்டுகிறவர் வருவதையே நிறுத்திவிட்டார். பெஞ்சில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. இருபது வருஷக் கடையை நானே கெடுத்துவிட்டேனே என்று புலம்பிக்கொண்டே பெஞ்சைத் துடைத்தார்.

ஆனால் தூளை மாற்றிய மூன்றாம் நாள் பார்த்தால், எதிர்க்கடை வாசலிலும் ஆளைக் காணோம்! அங்கே என்ன ஆயிற்று?

யோசிக்கும்போதே எதிர்க்கடை மேனேஜர், டை காற்றில் பறக்க, தெருவைத் தாண்டி ஓடிவந்தார். இரண்டு கையிலும் பிளாஸ்க். டீக்கடைக்காரருக்கு அவை எங்கேயோ பார்த்த பிளாஸ்க்காகத் தெரிந்தன. மனைவி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணே, மூணு நாளா உங்க வீட்டம்மா கொண்டுவர்ற டீயை ஒருத்தரும் வாயில வைக்கல. பழையபடியே போட்டுக் குடுங்கண்ணே, நுரையை நாங்க பார்த்துக்கிறோம்!"