உலகத்துக் கார்லோஸ்களின் இடது மணிக்கட்டு

உலகின் எந்த மூலையில் ஒரு கார்லோஸ் கோல் போட்டாலும், ஒரு கார்லோஸ் மந்திரியானாலும், முதலில் நாற்காலியை விட்டு எழும்புகிற மனிதர் மொன்றியலில் இருந்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், மூன்றாம் மாடியில், எனக்கு அறை வாடகைக்கு விட்டவர். யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தப் பெயர் சிவபாதசுந்தரம். ஆனால் கட்டடம் முழுக்க அவரைக் கார்லோஸ் அண்ணை என்றுதான் கூப்பிட்டது.

சென்னையிலிருந்து படிக்க வந்த எனக்கு, முதல் வாரம் அவர் கால்பந்துப் பைத்தியமாகத் தெரிந்தார். அதுவும் இல்லை. ஏதாவது ஒரு கார்லோஸிடம் பந்து வந்தால் மட்டும் டிவியில் மூக்கு முட்ட நிற்பார். பந்தைப் பார்க்க மாட்டார். ஆட்டக்காரனின் இடது மணிக்கட்டைப் பார்ப்பார்.

“இவன் இல்லை,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். இந்த ஊருக்கு வந்த புதிதில் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் அண்ணை கோப்பை கழுவினார். பக்கத்துத் தொட்டியில் ஒரு கார்லோஸ். நாட்டுக்குத் திரும்பினால் பெரிய கால்பந்து வீரனாவேன், தவறினால் மந்திரியாவேன் என்று நுரைக்குள் கையை விட்டபடி சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரு மத்தியானம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி அண்ணையின் முகத்தை நோக்கிச் சரிந்தது. கார்லோஸ் இடது கையைக் குறுக்கே நீட்டிவிட்டான். காயம் ஆறி, மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு வடு நின்றது.

இதற்கு வெறும் ‘மெர்சி’ போதாது என்று நினைத்த அண்ணை, ஒழுங்காக நன்றி சொல்வதற்காகப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு முடிவதற்குள் கார்லோஸ் நாட்டுக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து விளையாட்டுப் பக்கம், அரசியல் பக்கம் இரண்டும் அண்ணைக்கு வேதம்.

“இன்டர்நெட்ல அஞ்சு நிமிஷ வேலை அண்ணை,” என்று நான் துள்ளிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். “அவரோட ரெண்டாவது பேர் என்ன?”

“தகப்பன்ர பேரை நான் ஏன் கேக்கிறன்? எனக்கு மகனோடதானே பழக்கம்.”

“சரி, எந்த நாடு?”

“வெக்கையான நாடு எண்டு சொன்னவன்.”

மடிக்கணினியை மூடினேன்.

ஒருநாள் டிவியில் இருபது வயதுக் கார்லோஸ் ஒருவன் டென்னிஸ் ஆடினான். அண்ணை எழும்பிவிட்டார்.

“உங்க ஆளுக்கு இப்ப அறுபது இருக்குமே அண்ணை!”

“ஓம். பேரனா இருக்கலாம்.”

“வடு கூடவா பரம்பரையா வரும்?”

“நீதானே படிச்சனீ. நீ சொல்லு.”

அரசியல்வாதிகள் மீதுதான் அவருக்குத் தீராத கோபம். “விளையாட்டுக்காரர் திறந்த மனசுக்காரர், தம்பி. கையைக் காட்டிக்கொண்டு ஓடுறாங்கள். இவங்கள்தான் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறாங்கள்.”

போன இலையுதிர் காலம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புரோசார்டில் நகரசபைத் தேர்தல். கம்பத்துக்குக் கம்பம் ஒரு கார்லோஸ் சிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். “மூக்கு அவன்ரதான்,” என்றார் அண்ணை. சவரம் செய்து, கோட் போட்டு, நாற்பது வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியங்களை ரயில் முழுக்க முணுமுணுத்தார்.

கடைத்தொகுதி வாசலில் வேட்பாளர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அண்ணை நேரே போய் அவருடைய இடது கையைப் பிடித்துச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டார். உதவியாளர்கள் பாய்ந்தார்கள். மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

நான் என் உடைந்த பிரெஞ்சில் கதையைச் சொன்னேன். வேட்பாளர் உதவியாளர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, “அந்த நன்றியை என்னிடம் சொல்லிவிடுங்கள். நானும் கார்லோஸ்தானே,” என்றார்.

அண்ணை தலையாட்டி மறுத்துவிட்டு என் காதில் சொன்னார்: “இவருக்கு நான் வோட்டுத்தான் போடலாம். அதுவும் நான் இந்த ஊர் இல்லை.”

திரும்பும் ரயில் ஆற்றைக் கடந்தது. கீழே தண்ணீர் எது, மூடுபனி எது என்று தெரியவில்லை. நகரம் எதிரே மிதந்து வந்தது.

“அவனும் என்னைத் தேடுவான், தம்பி. என்ர முழுப்பேர் அவன்ர வாயில நுழையாது. சிவா எண்டு மட்டும்தான் தெரியும்.”

“அந்த ஊர்ல எத்தனை சிவா இருக்கப் போறாங்க அண்ணை?”

“ஒருத்தரும் இல்லை. பாவம், அவனுக்குப் பாக்கிறதுக்குக் கூட ஆளில்லை.”

படிப்பு முடிந்து நான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று மெட்ரோவில் யாரோ “கார்லோஸ்!” என்று கூப்பிட, முன்னால் நின்ற முதியவர் திரும்பினார். நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது, போனது. அவர் கையுறையைக் கழற்றுவார் என்று காத்துக்கொண்டே நின்றேன்.