தட்டுப் பேராசிரியரின் வெள்ளிக்கிழமை விருந்து

ஒரே பொருளை முப்பது வருடம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம் எதைப் பார்த்தாலும் அதையே பார்க்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். மொராக்கோவில் எங்கள் மராக்கெஷ் நகரத்தில் அந்த இனத்தின் தலைமகன் பேராசிரியர் முகீத்.

கனத்த நட்சத்திரங்களைச் சுற்றி வாயு தட்டையாகச் சுழலுமே, அந்தத் தட்டுதான் அவர் பிழைப்பு. புதினாத் தேநீரைக் கலக்கினால் அதில் தட்டு தெரியும். ரொட்டிக்கடை அடுப்பில் தட்டு தெரியும். நாற்சந்தி வட்டத்தை நான்காவது முறை காரில் சுற்றும்போது அங்கேயும் தட்டு தெரியும். வீட்டுக்குத் திரும்பும் சாலைதான் தெரியாது.

அதையெல்லாம் பொறுத்த மனைவி ஸுபைதா அந்த வெள்ளிக்கிழமை மட்டும் பயந்தாள். மகள் ரீமைப் பெண் கேட்டு, மாப்பிள்ளையின் தாய் லல்லா பத்தூல் ஃபெஸ் நகரத்திலிருந்து வந்திருந்தார். தேநீரில் நுரை போதவில்லை என்று ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்றவர்.

"ஏங்க, இன்னிக்கு ஒருநாள் நட்சத்திரம் வேண்டாம்."

"நான் எதுக்கு அதைப் பேசப்போறேன்?"

பெரிய வட்டத் தாம்பாளத்தில், ஆவியில் வெந்த கோதுமை ரவையான குஸ்குஸ் வந்தது. சுற்றிலும் பூசணியும் கேரட்டும், நடுவில் குன்றாக ஆட்டுக்கறி. அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் தொடுவதுதான் மரியாதை. பேராசிரியர் தாம்பாளத்தைப் பார்த்தார். கண்ணில் அந்த ஒளி வந்துவிட்டது. வந்தால் போகுமா?

"லல்லா, நடுவுல இருக்கற கறிதான் நட்சத்திரம்னு வச்சுக்குங்க. சுத்துற வேகத்துல தன் உடம்பையே பிச்சு வெளியே எறியுது!"

எறிவதை அவர் கையால் செய்துகாட்டியதில், இருப்பதிலேயே பெரிய துண்டு லல்லாவின் முன்னால் போய் விழுந்தது. சம்பந்தம் போயிற்று என்றே ஸுபைதா நினைத்தாள்.

லல்லாவுக்கோ முகமெல்லாம் மலர்ந்தது. வீட்டுக்காரர் நடுக்கறியைத் தன் கையால் விருந்தாளிப் பக்கம் தள்ளுவதைவிடப் பெரிய உபசாரம் உண்டா?

"அல்லாஹ் உங்க கைக்கு பரக்கத் குடுக்கட்டும், பேராசிரியரே! எங்க ஊர்லகூட இப்படி யாரும் கவனிச்சதில்ல. நாளைக்கே பேசி முடிச்சுடலாம்."

வேறு எவரானாலும் இத்தோடு நிறுத்தியிருப்பார். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தினால் இந்த இனத்துக்குச் சோறு இறங்காது.

"அவசரப்படாதீங்க லல்லா. எறிஞ்சதுல ஒரு பங்கு திரும்பி நட்சத்திரத்துலயே விழுந்துடும்..."

அவர் கை லல்லாவின் முன்னால் கிடந்த கறியை நோக்கி நீண்டது. பாதி வழியில் ஸுபைதா அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"மீதி திரும்பி வராம வெளியே போயிடும்ல? அது இந்தத் துண்டுதான்!"

பேராசிரியர் யோசித்தார். "அப்படியும் இருக்கலாம்" என்றார். முப்பது வருடத்தில் அவர் இன்னொருவர் சொன்னதை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். ரீமுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த விருந்தில் உங்கள் அலுவலகத்தையோ முழங்கால் வலியையோ நீங்கள் விளக்க ஆரம்பிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் உங்கள் கணவர் அல்லது மனைவியின் கை எங்கே நகர்கிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.