கடுகு என்பது கடுகுதான்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
8 சனவரி 1997

பேரன்புக்குரிய இரத்தினவேல் அத்தானுக்கும், அத்தானுக்கு முன்பாக இந்த உறையைப் பிரிக்கும் மதிப்புக்குரிய உத்தியோகத்தருக்கும், அவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்பவருக்கும் நவரட்ணம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி ரதியும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானின் மனைவி தெய்வநாயகி அக்கா வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து பேசினார். நான் ஒக்டோபரில் அத்தானுக்கு எழுதிய கடிதம் வழியில் பிரிக்கப்பட்டதையும், அதை வைத்து, விசாவுக்காக அங்கே லொட்ஜில் தங்கியிருந்த அத்தானைப் பொலிசார் அழைத்துப்போய் மூன்று நாள் விசாரித்ததையும் அப்போதுதான் அறிந்தேன். "டேய் தம்பி, நீ அப்பிடி என்னத்தையடா எழுதினனீ? கடுகு எண்டது ஆற்றை பெயர் எண்டு கேட்டுக் கேட்டு அந்த மனுசனை மூண்டு நாளா நித்திரை கொள்ள விடேல்லை" என்றார். இப்போது அத்தானை வெளியே விட்டிருக்கிறார்களாம், ஆனால் பாஸ்போட் அவர்களிடம் இருக்கிறதாம், திங்கட்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம், இம்மாதம் 27ஆம் திகதிக்குள் நான் என் கையால் ஒரு விளக்கம் எழுதி அனுப்பினால் பாஸ்போட்டைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பெப்ரவரி 6 அன்று கனடா விசாவுக்கு நேர்முகம். பாஸ்போட் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? ஆகவே நடந்தது அனைத்தையும், ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல், இங்கே எழுதுகிறேன். சந்தேகம் வருவதே விபரம் போதாததால்தான்.

எங்கள் வீட்டுக்காரர் மக்கினன் எழுபத்தாறு வயதுக்காரர், மனைவியை இழந்தவர். நாங்கள் அவருடைய நிலக்கீழ் அறைகளில் இருக்கிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் அவர் தம்பியுடன் வடக்கே மான் வேட்டைக்குப் போவார், அதற்கு இங்கே அனுமதிப்பத்திரம் உண்டு, என்னிடம் காட்டினார், சிவப்பு அட்டை. கடையில் விற்கும் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைச் சேர்த்துவைத்து, கராஜில் உள்ள ஒரு பிரெஸ்ஸில் தானே மீண்டும் நிரப்பிக்கொள்வார். பிரெஸ் என்றால் பத்திரிகை அடிப்பது அல்ல, கைபிடியை இழுத்தால் கோதை மேலே தூக்கும் இரும்புச் சட்டம். அதன் தலையில் வெடிமருந்தை அளந்து விடும் கருவி ஒன்று பூட்டியிருக்கும். கடையில் சீனி அளக்கும் சுண்டு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள், கைபிடியைத் திருப்பினால் உருளை சுழன்று ஒவ்வொரு தரமும் ஒரே அளவை விடும். அவருடைய கருவி பழையது, உருளை தேய்ந்து ஒரு தரம் கூட விட்டது, ஒரு தரம் குறைய விட்டது. கூடினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். செய்த கொம்பனி மூடிப்போனதால் அவர் வேறு கொம்பனியின் கருவி ஒன்றை வாங்கினார். அதன் கழுத்து பிரெஸ்ஸின் துளையை விட ஒடுக்கம், திருகுப் புரியும் வேறு. அவருக்குக் கை நடுக்கம். வீட்டுக்காரர் கேட்கும்போது குடியிருப்பவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கராஜில் அவருடைய சின்ன லேத் ஒன்று இருந்தது, அதில் இரண்டுக்கும் இடையில் பூட்ட ஒரு பித்தளை வளையம், புஷ் என்பது, கடைந்தேன், வெளியே பிரெஸ்ஸுக்கு ஏற்ற புரி, உள்ளே புதுக் கருவிக்கு ஏற்ற புரி. பூட்டினால் கருவியின் கைபிடி பிரெஸ்ஸின் கைபிடியில் இடித்தது. இரண்டு வாசர் போட்டு உயர்த்தினேன். அப்போது மருந்து இறங்கும் குழாய் கோதின் வாய்க்கு எட்டவில்லை. குழாயை நீட்டினேன். இதற்கு நாலு சனிக்கிழமை போயிற்று.

உத்தியோகத்தர் ஐயா இனிமேல் எழுதுவதைக் கவனமாக வாசிக்க வேண்டும். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அசல் மருந்தைத் தொட எனக்கு விருப்பமில்லை. ஆகவே ரதியிடம் போய்க் கடுகு கேட்டேன். "சாம்பாருக்கோ?" என்றாள். "இல்லை, கராஜுக்கு" என்றேன். ஒரு போத்தல் தந்தாள். மேலே கொட்டி, பத்துத் தரம் திருப்பி, பத்துத் தரமும் விழுந்ததைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். முதல் நாள் கடுகு உருளையில் சிக்கி அரைபட்டு எண்ணெய் விட்டது, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினோம். இரண்டாம் நாள் பத்தும் ஒரே நிறை. அதைத்தான் ஒக்டோபர்க் கடிதத்தில் "கடுகு பத்தும் சரியாக வந்தது, இனி அசல்தான்" என்று எழுதினேன். தோட்டா, மருந்து, கோது, பிரெஸ் என்று அதே கடிதத்தில் எழுதிய அத்தனையையும் உங்கள் ஆட்கள் அப்படியே நம்பியிருக்கிறார்கள். கடுகை மட்டும் நம்பவில்லை. ஐயா, கடுகு என்பது கடுகுதான். கறுப்பு நிறம், தாளிப்பதற்கு.

எனக்காகச் சாட்சி சொல்ல மக்கினனும் முன்வந்தார். ரதி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தட்டச்சில் அரைப் பக்கம் அடித்துத் தந்தார். நல்ல மனிதர். ஆனால் கடைசி வரியில், இவருடைய கைவேலைக்கு ஒரு முழுப் படைப்பிரிவுக்கே தோட்டா செய்து கொடுக்கலாம் என்று என்னைப் பாராட்டியிருந்தார். "அதை மட்டும் வெட்டச் சொல்லுங்கோ" என்றாள் ரதி. அவர் வெட்டவில்லை, அடிக்கோடு போட்டார். ஆகவே அதை இணைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பித்தளை புஷ்ஷின் படத்தை, மேலிருந்தும் பக்கவாட்டிலும், அளவுகளுடன் வரைந்து இணைத்திருக்கிறேன். இதைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

அத்தான், இனி எழுதுவது உங்களுக்கு. நீங்கள் திரும்பி வந்த பிறகு அதிகம் பேசுவதில்லை என்று அக்கா சொன்னார். தாளிக்கிற சட்டியில் கடுகு வெடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறீர்களாம், அதனால் அக்கா இப்போது கறிக்குக் கடுகு போடுவதில்லையாம். "மூக்குக் கண்ணாடி அங்கை உடைஞ்சு போச்சுது, அவர் புதுசு வேண்டாமெண்டு இருக்கிறார்" என்றார். எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. உங்களுடன் பேச வேண்டும் என்றேன். "அவருக்கு இப்ப ஏலாதாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். சீமெந்துத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றோம். ஒரு நாளும் நீங்கள் எனக்கு ஏலாது என்று சொன்னதில்லை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முருகன் உங்களுக்குத் துணையிருக்க வேண்டும். உத்தியோகத்தர் ஐயாவுக்கும், மொழிபெயர்ப்பவருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் பிறந்திருக்கும் வருடம் நல்லதாக அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சி. நவரட்ணம்

பி.கு.: அத்தான், மேலே உள்ளது உங்களுக்கு வராது. உறையை ஒட்டுமுன் ரதி வாங்கி, நின்றபடியே முழுவதும் வாசித்தாள். "படமுமே?" என்றாள். பிறகு கதிரையில் இருந்தாள். "இது போனா அத்தானைத் திரும்ப உள்ளை போடுவினம். நீங்கள் ஒண்டும் தெரியாத ஆள் எண்டு எழுதுங்கோ, அதுதான் வேணும்" என்றாள். நான் உண்மையைத்தானே எழுதினேன் என்றேன். "ஓம், போன முறையும் உண்மைதான் எழுதினீங்கள்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல வேறு தாளில் நாலு வரி எழுதினேன்: அது வீட்டுக்காரரின் மிளகாய் அரைக்கும் மெசின், கேட்ட பெயர்களை விளங்காமல் மாற்றி எழுதிவிட்டேன், நான் கட்டடங்கள் துடைக்கும் ஆள், எனக்கு மெசின் வேலை தெரியாது. கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தப் பெரிய கடிதத்தை நீங்கள் இங்கே வந்து இறங்கிய பிறகு வாசிக்கத் தருவேன். இனி இடையில் வாசிப்பவர் யாரும் இல்லாதபடியால் ஒன்றைத் திருத்த வேண்டும். மக்கினன் என்னைக் கேட்கவில்லை. அவர் அந்தக் கருவியைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். நான்தான் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். ஆறு வருடமாகத் தண்ணீர் வாளியும் துடைப்பமும் பிடித்த கை, லேத்தைக் கண்டதும் பொறுக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை கடைசியாகப் பூட்டும்போது பித்தளையில் புரி இறங்கி, இரண்டு விரலால் சுற்ற, இடறாமல் கடைசிவரை போய் நின்றது. யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்படி நிற்பது என்னவென்று தெரிந்தவர் எனக்கு நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதினேன்.