சீராக வந்த டப்பாக்கள் மேல் குற்றமில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடை உயர்திரு ஐயாதுரை சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, இராஜபாளையம் பேண்டேஜ் துணி சங்கையா கைகூப்பி எழுதிக்கொள்வது.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரும், கடையில் பித்தளை எவர்சில்வர் அனைத்தும் ஒரு நசுங்கலும் இல்லாமல் நன்றாயிருக்க ஆண்டாள் அருள் புரிய வேண்டும். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மருமகள் பெட்டியோடு அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்போது நான் அப்படி எழுதினால் அது சம்பந்திக்கே எழுதுகிற பொய்யாகிவிடும். எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம்ம யூனிட்டில் பேக்கிங் பார்க்கிற பாண்டீஸ்வரி. போன் போட்டுப் பார்த்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வச்ச காபியைத் தொடாமல் எழுந்து போன மனுசர் போனை மட்டும் தொடுவாரா என்று நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டு இந்தக் கடுதாசியை மகன் சிவபாண்டி கையில் கொடுத்து விடுகிறேன். கிழிக்கணும்னா படிச்சிட்டுக் கிழிங்க சம்பந்தி, படிக்காம கிழிச்சிராதீங்க.

விசயம் ஒன்றுதான். மருமகள் மாரிச்செல்வியைத் திருப்பி அனுப்ப வேண்டும். நெட்டு விட்டு விட்டு நின்றதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அது உங்கள் டப்பாவிலும் இல்லை, எங்கள் மனசிலும் இல்லை.

தலைப்பொங்கலுக்குத் தாங்கள் சீர் கொண்டுவந்த அன்று நடந்ததெல்லாம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முன்னால் கரும்புக்கட்டு, அடுத்து பித்தளைப் பானை, அதுக்கு அடுத்த தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு பழத்துக்கு நடுவே முட்டை மாதிரி மூணு வெள்ளை டப்பா. தெருவே கூடி எட்டிப் பார்த்தது. "பாத்திரம் எல்லாரும்தான் வைப்பாக. எம்மக வீட்டுல இருந்து வேலை பாக்குறவ. அதான் வயரே இல்லாம வீடு பூரா நெட்டு ஓடுற சாமான் வச்சிருக்கேன்"னு சபையில நீங்க சொன்னீக. என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் மூணு டப்பாவுக்கும் சந்தனம் குங்குமம் வச்சா. ஒண்ணை முன்வீட்டு ஹால்ல வச்சோம், ஒண்ணை அடுப்படி வாசல்ல, கடைசியை வானம் பாத்த முத்தத்துக்கு அந்தப் பக்கம் பின்வீட்டுல மருமக ரூம்ல. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு வாங்கி அடுத்ததுக்குச் சொல்லுமாம். கிணத்துத் தண்ணியை வரிசையா ஆள் நின்னு குடம் மாத்தி விடுற மாதிரி. ஆனா குடத்தையும் காணோம், ஆளையும் காணோம். நான் டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவுல கையை நீட்டிப் பார்த்தேன். ஒண்ணும் உறுத்தல. ஆனா போய்க்கிட்டுத்தான் இருக்கு!

அதை வச்சு உங்க மக பார்க்கிற வேலை இருக்கே, அதுக்கும் மேல. அமெரிக்காவுல ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சா அதுக்கு ஒரு நம்பராம். இடது காலா வலது காலான்னு அதுக்குள்ள வேற நம்பராம். அந்த நம்பரைப் போடுறது இராஜபாளையத்துல உக்காந்திருக்கிற நம்ம மாரிச்செல்வி. "வாத்து கொத்துனா அதுக்கும் நம்பர் இருக்கு மாமா"ன்னா. நான் வெளையாட்டுக்குச் சொல்றாளாக்கும்னு நெனச்சேன், கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டுனா. எனக்கு எழுத்துத் தெரியாட்டியும் அவ முகத்தைப் பாத்தா நெசம்னு தெரிஞ்சுது. நாம இங்க நெய்ற துணி எவன் கால்லயோ சுத்துது, அந்தக் கால் யாரோடதுன்னு நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுது. அப்படிப்பட்ட மருமகளை வேலையை விட வைக்க நாங்க வேணும்னே நெட்டை நிப்பாட்டுறோம்னு நீங்க சொன்னீங்களே, அதுதான் சம்பந்தி நெஞ்சுல தைக்குது.

நிக்கத்தான் செஞ்சுது, இல்லைங்கல. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு அவ ரூம்ல இருக்கிற டப்பா மட்டும் செவப்பா முழிக்கும். செத்த நேரம் கழிச்சு அதுவா வெள்ளைக்கு வந்துரும். முன்வீட்டுல வெள்ளத்தாய் சீரியல் பாக்குறதுக்கு ஒரு கொறையும் இல்ல, பின்வீட்டுலதான் இந்தக் கூத்து. எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம். அணைச்சுப் போட்டோம். ஊசி விட்டுக் குத்துற பொத்தானைக் குத்தி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். கேபிள் ஆபீஸ்ல இருந்து விமல் வந்தாரு, நல்ல தொழில்காரரு. வந்து வெளி வயரை மாத்துனாரு, பக்கத்து வீட்டு நெட்டு மேல மோதுதுன்னு வேற சேனலுக்கு மாத்துனாரு. அதுலயும் சேனல் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். பொறவு டப்பா ஒசரத்துல இருந்தா நல்லதுன்னாரு. வெள்ளத்தாய் அதைப் பரண்ல ஏத்தி, பக்கத்துல ஒரு எலுமிச்சம்பழத்தையும் வச்சா. தறி மோட்டார் இழுக்குதோன்னு ஒருநாள் பூராவும் தறியை நிப்பாட்டுனோம். தறிக்காரங்க எல்லாம் சீட்டாடி முடிச்சிட்டுச் சண்டையும் போட்டு முடிச்சாங்க, நெட்டு அது பாட்டுக்கு நின்னு நின்னு வந்துச்சு.

இதுல ஒரு அதிசயம் என்னன்னா, ஊருக்கெல்லாம் மழை வந்தா நெட்டு போகும், எங்க வீட்டுல மழை வந்தா நெட்டு பிச்சுக்கிட்டு ஓடும். உங்க செண்பகத்தோப்பு மலை மேல மேகம் இறங்கிட்டா மருமகளுக்குச் சிரிப்பு வந்துரும். நல்ல வெயிலடிச்சாத்தான் அவ முகம் வாடும். விமல் இதைக் கேட்டுட்டு, "பெரியவரே, இது எங்க படிப்புலயே இல்லை"ன்னு சொல்லிட்டு டப்பாவைப் பாத்துக் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு. அப்ப அவர் ஒண்ணு சொன்னாரு, பின்வீட்டுக்கு ஒரு வயரை இழுத்துட்டா இந்தப் பிரச்சனையே இருக்காதுன்னு. நான்தான் வேண்டாம்னேன். வயரே இல்லாம ஓடும்னு சபையில சொல்லிக் கொடுத்த சீருக்கு நான் வயர் மாட்டுனா, நாளைக்கு உங்களை நாலு பேர் என்ன கேப்பான்? டப்பா சரியில்லைன்னு கடையில திருப்பிக் கேக்கவும் எங்களுக்கு வாய் வரல. சீரைக் கொறை சொல்ற வீடா நம்ம வீடு? இப்படி உங்க மரியாதையைக் காப்பாத்தக் காப்பாத்த, உங்க மக வேலை கெட்டுக்கிட்டே வந்துச்சு. கடைசியில கம்பெனிக்காரன், "வேலை நடுவுல இன்னொரு தடவை அறுந்தா சென்னை ஆபீசுக்கு வந்துரணும்"னுட்டான். மறுநாளே அறுந்துச்சு. அவ அழுதுக்கிட்டு உங்களுக்குப் போன் போட்டா, நீங்க கார்ல வந்தீங்க.

அன்னைக்கு வெள்ளத்தாய் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "சீர் எறக்குன நேரம் சரியில்லையோ என்னவோ"ன்னு அவ முனங்குனது உங்க காதுல விழுந்துருச்சு. "என் டப்பா மூணும் முத்து மாதிரி. கோளாறு உங்க வீட்டுலதான்"னீங்க. மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. காபி ஆடை கட்டிப் போச்சு. சிவபாண்டி அன்னைல இருந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. தட்டுல சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கான், வாய்க்குப் போக மாட்டேங்குது.

இப்பக் கண்டுபிடிச்ச கதைக்கு வாரேன். விமல் மறுபடியும் வந்தாரு. பின்வீட்டு வாசப்படியில நின்னு போன்ல எதையோ பாத்துக்கிட்டு, "இப்ப இல்லை பெரியவரே... இப்பவும் இல்லை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. முத்தம் பூராவும் சலவை முடிஞ்ச பேண்டேஜ் துணி, கொடி கொடியா, சொட்டச் சொட்டத் தொங்குது. எனக்கு அந்தப் பக்கம் போகணும். மூங்கிக் கம்பால துணியை ஒதுக்கித் தூக்குனேன். "ஆங், வந்துருச்சு!"ன்னு விமல் கத்துனாரு. நான் அந்தச் சத்தத்துல பதறிக் கம்பை விட்டேன். "போச்சே!"ன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தோம். "தூக்குங்க"ன்னாரு, தூக்குனேன், வந்துச்சு. "விடுங்க"ன்னாரு, விட்டேன், போச்சு. நாடக மேடையில படுதா தூக்கி எறக்குற மாதிரி நாங்க ரெண்டு பேரும் ஆட, தறிக்காரங்க எல்லாம் வந்து கூடிட்டாங்க. வெள்ளத்தாய், "ஏட்டி பாண்டீஸ்வரி, இவுகளுக்கு வெயில் ஏறிருச்சு, மோர் கொண்டா"ன்னா.

அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. கேரளாப் பார்ட்டிக்கு அகலத் துணி சலவை போட்ட அன்னைக்கு நெட்டு நின்னுச்சு. தண்ணி மோட்டார் காயில் எரிஞ்சு சலவை இல்லாத வாரம் ஒரு கொறையும் இல்ல. தறியை நிப்பாட்டுன அன்னைக்கும் முந்தின நாள் சலவைத் துணி கொடியில தொங்குச்சு. மழை வந்தா யார் துணி காயப் போடுவா? துணி காஞ்சா நெட்டு வந்துரும், ஈரமா இருந்தா வராது. இதை விமல்கிட்டச் சொன்னேன். "தண்ணி அதைக் குடிச்சிரும் பெரியவரே"ன்னாரு அவரு.

சம்பந்தி, நானும் பொறந்ததுல இருந்து இந்தத் துணிக்குள்ளதான் கெடக்கேன். மூஞ்சிக்கு முன்னால பிடிச்சா எதிர்ல நிக்கிறவன் பல்லை எண்ணலாம், அம்புட்டு ஓட்டை. ஒன்றரைச் செங்கல் சுவரை ஊடுருவிப் போறது, நம்ம கண்ணுக்குத் தெரியாம காத்துல ஓடுறது, அமெரிக்காக்காரன் கால் ஒடிஞ்ச சேதியைக் கொண்டாறது, அது இந்த ஓட்டைத் துணியில வந்து மொடங்கிக் கெடந்திருக்கு. எம்புட்டுப் பேர் காயத்துச் சேதியை நம்ம கொடித் துணி குடிச்சிச்சோ! அப்பறம் வெயில் வந்து அம்புட்டையும் ஒறிஞ்சிட்டுப் போயிருச்சு. நான் கொஞ்ச நேரம் அந்தத் துணியைத் தொட்டுக்கிட்டே நின்னேன். ஆறுபோல ஏதோ ஒண்ணு என் கையில வந்து மோதி நிக்குதுன்னு தோணுச்சு. "மனுச ஒடம்பும் பாதி தண்ணிதான், நாம குறுக்க நின்னாலும் கொஞ்சம் குடிக்கும்"னு விமல் சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுல இருந்து வெள்ளத்தாய் முத்தத்தைக் கடக்கும்போது குனிஞ்சுதான் போறா. நான் சிரிக்கல. நானும் ஓரமாத்தான் போறேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, டப்பாக்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தங்கள் சீர் சீர்தான். முற்றத்துக் கொடி அனைத்தையும் அவிழ்த்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கிறதென்று பாண்டீஸ்வரி முணுமுணுக்கிறாள். அதையும் எழுதுவேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். இனி என் உயிர் உள்ளவரை எங்கள் முற்றத்தில் ஒரு முழம் ஈரத்துணி தொங்காது. கைக்குட்டை கூடத் தொங்காது. இது ஆண்டாள் சத்தியம், தங்கள் முன்னிலையில் சொல்லும் சத்தியம். மருமகளை நல்ல நாள் பார்த்து, முடிந்தால் நாளே பார்க்காமல், அனுப்பி வைக்க வேண்டும். தாங்களும் கூட வர வேண்டும். அன்று தொடாமல் போன காபியை வெள்ளத்தாய் புதுப்பாலில் போட்டுத் தருவாள். வாயைத் திறக்க மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அறுந்தது எல்லாம் கூடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி சங்கையா
(கைநாட்டு)

பின்குறிப்பு: கடுதாசியை மடித்துக்கொண்டிருக்கும்போதே மாரிச்செல்வி போன் போட்டாள். சிவபாண்டி துணிக் கதையை முந்தியே சொல்லிட்டான் போல. "மாமா, நான் நாளைக்கே வாரேன், ஆனா ஒரு கண்டிசன்"னா. என்னம்மான்னேன். "திங்கக்கிழமை காலையில எங்க மேனேஜர் எல்லாரையும் வச்சு மூச்சு விடாமப் பேசுவாரு. அப்ப நெட்டு அறுந்தா வேலைக் கணக்குல வராது. அந்த நேரம் பாத்து எங்க டீம்ல எல்லார் வீட்டு நெட்டும் போயிரும். நம்ம வீட்டுல மட்டும் போகாட்டா நான் ஒருத்தி மட்டும் மாட்டிக்கிட்டு முழுசும் கேக்கணும். அதனால திங்கக்கிழமைக்கு மட்டும் முத்தத்துல ஒரு கொடி ஈரத்துணி போட்டு வைங்க மாமா"ன்னா. ஆகவே மேற்கண்ட சத்தியத்தைத் திங்கட்கிழமை காலை நீங்கலாக எடுத்துக்கொள்ளவும். தங்களுக்கு இது தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். கேரளாப் பார்ட்டியின் அகலத் துணியையே ஊறப் போட்டிருக்கிறேன்.