எட்டாம் எண் ஊசிகளைத் திருப்பி அனுப்புவது தொடர்பாக

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. "பதினோரு வருஷமா என் ஊசிய வச்சுக்கிட்டு என்னடி பண்றே?" என்று தொலைபேசியில் நீ கேட்ட குரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

உன் மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, குழந்தைக்குப் போர்வை பின்ன உனக்கு அந்த மூங்கில் ஊசிகளே வேண்டும் என்பது புரிகிறது. நான் வாங்கி அனுப்பிய புது ஊசிகளை "கைக்கு ஒத்துக்கல" என்று திருப்பி அனுப்பிவிட்டாய். ஆகவே, உன் பழைய ஊசிகளில் மாட்டியிருக்கும் மாமாவின் ஸ்வெட்டரை நான் முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முடித்துவிட்டேன். இதனுடன் வரும் பார்சலில் ஸ்வெட்டரும் ஊசிகளும் உள்ளன. தாமதத்துக்கான காரணங்களை மட்டும் எழுதுகிறேன். சாக்கு என்று நினைத்தால் அது உன் விருப்பம்.

முதுகை ஆறே வாரத்தில் பின்னினேன். அப்போது மாமா மெலிந்த மனிதர். மார்புக்கு வருவதற்குள் அவர் வேலையில் உயர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அகலமாகிவிட்டார், அதனால் மார்பை முதுகைவிட நாலு விரல் கூட்டிப் பின்ன வேண்டியதாயிற்று, பாதியில் நூல் தீர்ந்து கடைக்குப் போனால் "இதுவும் நீலம்தாம்மா" என்று கடைக்காரர் கொடுத்தது வெளிச்சத்தில் பச்சையாக இருந்தது, சரி, கழுத்துக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று தொடர்ந்தேன். இடது கை முழுவதும் எங்கள் துறைக் கூட்டங்களில் பின்னியது. பழைய துறைத்தலைவர் பேசப் பேச என் விரல்கள் இறுகி, கண்ணிகள் ஒன்றையொன்று நெரித்து, கை குட்டையாகப் போயிற்று. அவர் ஓய்வுபெற்றார். புதியவர் சாது, அவர் பேச்சில் எனக்குத் தூக்கம் வரும், வலது கை தளர்ந்து நீண்டுவிட்டது. "மேடம், கூட்டம் முதல்ல முடியுமா, இது முதல்ல முடியுமா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை கேட்டார். ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்த என் கணவர், "ஒண்ணு முழங்கையோட நின்னுபோச்சு, இன்னொண்ணு முட்டியத் தொடுது. மாமாவ நீ எப்பவாவது நேர்ல பார்த்திருக்கியா?" என்றார்.

"நீளமானத மடிச்சு விட்டுக்கலாம்."

"குட்டையானத?"

அந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை.

ஆய்வேட்டை உரிய காலத்தில் முடிக்காத மாணவர்களை நான் கண்டிப்பவள் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒருத்தி, "முடிவுரை மட்டும்தான் பாக்கி மேடம்" என்றாள். "முடிவுரை இல்லாம அது எப்படிம்மா ஆய்வேடு?" என்று கேட்டேன். கேட்டபோது ஸ்வெட்டர் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறையை முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். குழந்தை மருத்துவர் சொன்ன தேதிக்கே வந்து, இந்தக் குடும்பத்திலும் ஏதோ ஒன்று நேரத்துக்கு நடக்கும் என்று காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: மேலே சொன்ன பார்சலை அனுப்பவில்லை. அஞ்சலகத்தில் எடை போட்டவர், "உள்ள என்னமோ குத்துதே" என்றார். ஊசி என்றேன். "கழட்டித் தனியா வச்சுக் கொண்டு வாங்க" என்றார். ஒன்றைக் கழற்றலாம். மற்றது வலது கையின் கடைசி வரிசையில் இருக்கிறது. உருவினால் பதினோரு வருடமும் அவிழ்ந்துவிடும். கடைசி வரிசையை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியாது. நீ கற்றுக்கொடுத்த அன்று, "மூடுறத அப்புறம் காட்டுறேன், முதல்ல நீ அங்க வந்து சேரு" என்றாய். இதற்கு முன் நான் பின்னிய எதுவும் அங்கே வந்து சேர்ந்ததில்லை. முதுகு, மார்பு, இடது கை மூன்றின் மூடாத கண்ணிகளையும் அவிழாமலிருக்க என் கணவரின் ஷூ கயிறுகளில் கோத்து வைத்திருக்கிறேன். அவர் செருப்போடு அலுவலகம் போகிறார். சனிக்கிழமை ரயிலில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். யாரும் இடிக்காத ஓர இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே வந்து சேர்ந்துவிட்டேன் அக்கா. காட்டு.